மல்லித்தூள் என்று எழுதிய டப்பா

"காய்கறியா? நான் தொடுறதே இல்லை" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிற ஆட்கள் அந்த ஷூ கம்பெனியில் நூறு பேராவது இருப்பார்கள். அந்த நூறு பேரும் வாரத்தில் ஆறு நாள் காய்கறி தின்றுகொண்டுதான் இருந்தார்கள். என்ன, தெரியாமல் தின்றார்கள். தின்ன வைத்தவர் கேண்டீன் அக்கா.

அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. குள்ளமான உருவம். நடையில் மட்டும் எப்போதும் ரயிலைப் பிடிக்கப் போகிற அவசரம். கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி அவரைவிட எட்டு வயது மூத்தவர், அவருக்கும் இவர் அக்காதான். முந்நூறு பேருக்கு மதியச் சாப்பாடு ஆக்கிப் போடுகிற பெண்ணை வேறு எப்படிக் கூப்பிடுவது?

இருபத்தோரு வயதில் உதவிக்கு என்று சேர்ந்தவர், முதல் வாரமே எச்சில் தட்டுகளை வழித்துக் கொட்டும் வாளியை எட்டிப் பார்த்தார். வெட்டி வதக்கிப் போட்ட காய் அத்தனையும் அதற்குள் கிடந்தது. பொறுக்கித் தனியாக ஒதுக்கி, சோற்றை மட்டும் தின்றுவிட்டுப் போயிருந்தார்கள் புண்ணியவான்கள். மூன்று மணி வாக்கில் தையல் மெஷின் முன்னால் யாராவது ஒரு பெண் தலைசுற்றி உட்காருவதும் வாடிக்கையாக இருந்தது. "காய் போடுறோம்னு பேரு. தின்னுறது வாளி" என்றார் அன்றைய மேனேஜர். அக்காவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

அன்று முதல் வாளிக்கும் அவருக்கும் நேரடிப் போட்டி. பூசணியை வேகவைத்துக் கடைந்து குழம்பைக் கெட்டியாக்கினார். பீட்ரூட்டைத் துருவி இறைச்சியோடு பிசைந்தால் கட்லெட்டின் நிறம் அப்படியே பொருந்தியது. சுரைக்காய் முட்டைக்குள் போனது, கேரட் தக்காளிச் சாற்றுக்குள் கரைந்தது, கத்தரிக்காயைச் சுட்டுத் தோலுரித்துப் பருப்போடு மசித்தால் அதைப் பெற்ற செடிக்கே அடையாளம் தெரியாது. ஆறே மாதத்தில் வாளி காலி. "அக்கா கை வச்சாலே தனி ருசி" என்று சப்புக்கொட்டினார்கள். அக்கா வாயைத் திறக்கவில்லை. சொல்லாமல் இருப்பதில்தான் முழு வித்தையும் இருந்தது.

அதே வித்தையை அவர் வீட்டுக்கும் கொண்டுபோனார். அங்கே எதிராளி ஒரே ஆள்தான், ஆனால் முந்நூறு பேருக்குச் சமம்.

அவருடைய கணவர் கண்ணாடி வெட்டுபவர். ஜன்னல், அலமாரி, முகம் பார்க்கும் கண்ணாடி, எதுவானாலும் அளவெடுத்து, சின்னச் சக்கரம் வைத்த வெட்டியால் ஒரு கோடு இழுத்து, விரலால் தட்டிப் பிரித்தெடுப்பார். தெருவில் எல்லோருக்கும் அவர் கண்ணாடிக்காரர். பெண் பார்க்க வந்த அன்றே, தட்டில் போட்ட வெங்காயத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரத்தில் வேலி கட்டி வைத்துவிட்டுச் சாப்பிட்டவர் அவர். "புல்லு தின்ன நான் என்ன ஆடா?" என்பது அவருடைய ஒரே நகைச்சுவை. முப்பது வருடமாக அதையே சொல்லி, முப்பது வருடமாக அவரே சிரித்துக்கொண்டிருந்தார். அதே முப்பது வருடமும் அவர் ஆம்லெட்டுக்குள் அக்கா எதையாவது துருவிக்கொண்டிருந்தார். கீரையை மட்டும் கிட்டே கொண்டுவர முடியவில்லை. பச்சை நிறம் காட்டிக்கொடுத்துவிடும்.

போன வருடம் அவருடைய இதயத்தில் ஒரு வால்வு பழுதாகிவிட்டது. நெஞ்சைத் திறந்து, பழையதை எடுத்துவிட்டு, உலோகத்தில் ஒன்று வைத்தார்கள். அது சத்தம் போடும். கைக்கடிகாரத்தைக் காதருகே வைத்ததுபோல டிக், டிக் என்று, அறை அமைதியாக இருந்தால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்கும். "இனிமே சுவர்க்கடிகாரத்துக்குப் பேட்டரி மிச்சம்" என்று கண்ணாடிக்காரர் கிண்டலடித்தார். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சத்தம் நின்றால் என்ன ஆகும் என்பதுதான் அவருக்கு வந்த முதல் நினைப்பு. அதற்குப் பிறகு காலையில் கண் விழித்ததும் காதைத் தீட்டிக்கொண்டு பத்து டிக் எண்ணாமல் அவர் கட்டிலைவிட்டு இறங்கியதில்லை.

உலோகத்தின் மேல் ரத்தம் உறைந்துவிடாமல் இருக்க ஒரு மாத்திரை. அது தினமும், ஆயுள் முழுக்க. மாத்திரை சரியாக வேலை செய்கிறதா என்று அவ்வப்போது ரத்தம் எடுத்து ஓர் எண்ணைச் சொல்வார்கள். அவருக்கு அது இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் நிற்க வேண்டும். மேலே ஏறினால் சின்னக் காயத்துக்கும் ரத்தம் நிற்காது. கீழே இறங்கினால் வால்விலேயே உறைந்து அதை அடைத்துவிடும். எப்படிப் பார்த்தாலும் உயிருக்கு உலை. அக்கா பயந்ததெல்லாம் மேலே ஏறுவதைப் பற்றி மட்டும்தான். மனிதர் தொட்டுப் பிழைப்பது கண்ணாடி ஆயிற்றே. தடித்த கையுறை இரண்டு ஜோடி வாங்கிக் கொடுத்து, சாயங்காலம் வந்ததும் விரல் விரலாகத் திருப்பிப் பார்ப்பார்.

ஆபத்து வந்தது வேறு வழியாக. அதற்குக் கதவைத் திறந்துவிட்டது டிஸ்சார்ஜ் ஆன நாளின் ஒரு மணி நேரம்.

அந்த ஒரு மணி நேரம் கண்ணாடிக்காரர் ஆஸ்பத்திரியின் மேல்மாடியில் இருந்தார், அக்கா கீழ்மாடியில். மேலே ஒரு நர்ஸ் மாத்திரையைப் பற்றிப் பாடம் எடுத்தார். "கீரை, பச்சை இலை எல்லாம் இந்த மாத்திரையோட வேலையைக் குறைச்சிடும் சார். சாப்பிடுறவங்க தினமும் ஒரே அளவு சாப்பிடணும், கூட்டக் குறைக்கக் கூடாது. நீங்க கீரை சாப்பிடுவீங்களா?"

"புல்லு தின்ன நான் என்ன ஆடா?" என்றார் கண்ணாடிக்காரர். நர்ஸ் சிரித்துவிட்டு, "அப்போ உங்களுக்குக் கவலையே இல்லை" என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

கீழே அக்கா மருந்து வரிசையில் நின்று, பிறகு உணவு ஆலோசகர் அறையில் உட்கார்ந்திருந்தார். ஆலோசகர் ஒரு தாளை நீட்டினார். தட்டில் பாதி காய்கறி இருக்க வேண்டும் என்று அதில் படம் போட்டிருந்தது. "கொழுப்பைக் குறைங்க, காய்கறியைக் கூட்டுங்க. சாப்பிடுவாரா?"

"சாப்பிட வச்சிடுறேன்" என்றார் அக்கா. முப்பது வருட அனுபவம் பேசியது.

மேலே கேட்டதைக் கண்ணாடிக்காரர் வீட்டில் சொல்லவில்லை. தின்னாத ஒன்றைப் பற்றி என்னத்தைச் சொல்வது? கீழே வாங்கிய தாளை அக்காவும் அவரிடம் காட்டவில்லை. காட்டினால் உஷாராகிவிடுவாரே. ஆளுக்குப் பாதி தெரிந்துகொண்டு இருவரும் ஒரே டாக்சியில் வீடு வந்து சேர்ந்தார்கள்.

அடுத்த வாரமே அக்கா முருங்கைக்கீரையை நிழலில் உலர்த்தி, மாவுபோல அரைத்து, ஒரு டப்பாவில் அடைத்தார். மேலே ஒரு சீட்டு ஒட்டி 'மல்லித்தூள்' என்று எழுதினார். காய்ந்து அரைபட்டால் பச்சை அடங்கிவிடும் என்பது அவருடைய புதுக் கண்டுபிடிப்பு. கறுத்த குழம்பில் ஒரு கரண்டி போட்டால் சாட்சாத் மல்லித்தூளேதான். முப்பது வருடமாகக் கோட்டை வாசலில் நிறுத்தப்பட்டிருந்த கீரை அன்று உள்ளே நுழைந்தது. அவர் இரண்டாவது தடவை குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டபோது அக்கா சமையலறைக்குள் போய்க் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தார். பாவம், நன்றாகத்தான் சிரித்தார்.

முதலில் இரண்டு புள்ளி ஒன்பது இருந்த எண், அடுத்த தடவை இரண்டு புள்ளி நான்கு. பரிசோதனைக்குக் கண்ணாடிக்காரர் தனியாகத்தான் போவார். அக்காவுக்கு அந்த நேரத்தில் கேண்டீனில் அடுப்பு எரியும். "சாப்பாட்டுல ஏதாவது மாத்தமா, கீரை கீரைன்னு?" என்று டாக்டர் கேட்டார். "இல்லவே இல்லை" என்று மனமறிந்து உண்மையைச் சொன்னார் அவர். மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள்.

எண்ணை எழுதிய சின்னப் புத்தகத்தை அக்கா திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆளுக்குச் சத்து போதவில்லை, அதனால்தான் இறங்குகிறது என்று அவராகவே முடிவு கட்டினார். ஒரு கரண்டி இரண்டு கரண்டி ஆனது. எண் இரண்டுக்கு இறங்கியது. மாத்திரையை இன்னும் கூட்டினார்கள். அக்கா மூன்றாவது கரண்டியை, மிளகு தூக்கலாகப் போட்ட காலை முட்டையில் சேர்த்தார். எண் இறங்க இறங்க அவருடைய கை ஏறியது. பயத்தில் ஓடுகிறவர் எந்தப் பக்கம் ஓடுகிறோம் என்று பார்ப்பதில்லை. அவர் முழு வேகத்தில் பள்ளத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார், கணவரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கண்ணாடிக்காரர் கடைக்குப் போய் ரொட்டி வாங்கி வந்தார். வீடு முதல் மாடியில். வெளிப்படிக்கட்டு இருபத்திரண்டு படி. பன்னிரண்டாவது படியில் நின்றுவிட்டார். அக்கா மேலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்னங்க?"

"செருப்பு வார் கழண்டுபோச்சு" என்று குனிந்தார். வார் கழலவில்லை. மூச்சு வாங்குவதை மறைக்கக் குனிந்தார். மறைக்கிற விஷயத்தில் அந்த வீட்டில் யாரும் யாருக்கும் சளைத்தவர் இல்லை.

மதியம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியிலேயே கண்ணயர்ந்தார். தட்டை எடுக்க அக்கா குனிந்தார். கை தட்டைத் தொட்டதும் அப்படியே நின்றார். என்னவோ குறைந்தது. என்னவென்று பிடிபட ஒரு நிமிடம் ஆனது. பிறகு மின்விசிறியை நிறுத்தினார். சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக மூடினார். ஜன்னலைச் சாத்தினார். கணவரின் நெஞ்சுக்கு ஒரு சாண் தூரத்தில் காதை வைத்து மூச்சை அடக்கினார்.

கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்த கடிகாரம். டிக் என்ற கூர்மை போய்விட்டது. மொத்தென்று, தூரத்தில், இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி கேட்டது.

அக்கா வெடுக்கென்று நிமிர்ந்தார். முழங்கை இடித்துத் தட்டு சரிந்தது. அது விழுந்த சத்தத்தில் கண்ணாடிக்காரர் விழித்தார்.

"என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?"

"எழுந்திருங்க. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"ஞாயித்துக்கிழமை அங்க எவன் இருப்பான்?"

"யாராவது இருப்பாங்க. சத்தம் சரியில்லைங்க."

அவர் தன் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தார். கிண்டலாக ஏதோ சொல்ல வாயெடுத்தவர், மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டையைத் தேடினார்.

டாக்சியில் அக்கா அவருடைய மணிக்கட்டைப் பிடித்தபடியே வந்தார். ஒவ்வொரு சிக்னலிலும் சிவப்பு விளக்கு. அவர் அந்த விளக்குகளையும், அவற்றை நட்டவர்களையும், முன்னால் நின்ற பேருந்தையும் மனதுக்குள் திட்டித் தீர்த்தார். திட்ட வேண்டிய ஒரே ஆள் தான்தான் என்பது அவருக்கு இன்னும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை டியூட்டியில் இருந்தவர் இளவயது டாக்டரம்மா. கொண்டையில் பேனாவைச் செருகியிருந்தார். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். வேறு இடத்தில் வைத்துக் கேட்டார். மூன்றாவது இடத்தில் வைக்கும்போது அவருடைய முகம் மாறியது. ஸ்கேனுக்கு ஆள் அனுப்பினார், ரத்தம் எடுத்தார். கொஞ்ச நேரத்தில் எண் வந்தது. ஒன்று புள்ளி ஐந்து.

"ஐயா, உண்மையைச் சொல்லுங்க. மாத்திரை போடுறீங்களா இல்லையா?"

"ஒரு நாள் விடலைங்க. இவகிட்ட கேளுங்க."

"இவ்வளவு மாத்திரை போட்டா இந்த எண் வராது. கீரை?"

"கீரையா?" கண்ணாடிக்காரர் அந்த நிலையிலும் தன் நகைச்சுவையை எடுத்தார். "புல்லு தின்ன நான் என்ன ஆடா?"

சுவரோரம் நின்றிருந்த அக்கா ஓர் அடி முன்னால் வந்தார். கீரை என்ற சொல்லை டாக்டரம்மா ஏன் சொன்னார்? அதுவும் மாத்திரையோடு சேர்த்து ஏன் சொன்னார்? அலமாரியில் இருந்த அந்த டப்பா அவருடைய நினைவுக்கு வந்தது.

"இந்த மாத்திரைக்கும் கீரைக்கும்..." என்று தொடங்கினார்.

"ஆகாதும்மா. கீரை கூடினா மாத்திரை வேலை செய்யாது. அதுதான் கேக்குறேன். இவருக்குக் கீரையும் இல்லை, மாத்திரையும் விடலைன்னா, உடம்பு மாத்திரையை ஏத்துக்கலைன்னுதான் அர்த்தம். இன்னும் நிறையக் கூட்ட வேண்டியிருக்கும்." டாக்டரம்மா கொண்டையிலிருந்து பேனாவை உருவினார்.

அந்தச் சில நொடிகளில் அக்காவுக்குத் தோன்றியதை இங்கே சொல்லத்தான் வேண்டும். வீட்டுக்குப் போய் டப்பாவைக் கவிழ்த்துவிடலாம். சீட்டைக் கிழித்துவிடலாம். ஒருத்தருக்கும் தெரியாது. எண் தானாக ஏறும், மனிதர் பிழைத்துக்கொள்வார், தானும் தப்பித்துக்கொள்ளலாம். நல்லவர்தான் அக்கா. நல்லவருக்கும் தோன்றும்.

பேனா காகிதத்தைத் தொட்டது. அக்கா மெல்லிய குரலில் கேட்டார்.

"டாக்டரம்மா, ஒருத்தர் கீரை சாப்பிட்டுட்டிருந்து, இவ்வளவு மாத்திரையும் போட்டுட்டிருந்து, கீரையை மட்டும் திடீர்னு நிறுத்திட்டா என்ன ஆகும்?"

"எண் கண்டபடி ஏறிடும். சின்னக் கீறல் போதும், ரத்தம் நிக்காது. மூளைக்குள்ளகூடக் கசியும்." டாக்டரம்மா நிமிர்ந்தார். "ஏன் கேக்குறீங்க?"

கையுறைகள் அக்காவின் கண் முன்னால் வந்தன. கண்ணாடி விளிம்புகள் வந்தன. சொன்னாலும் போச்சு, சொல்லாவிட்டாலும் போச்சு. சொன்னால் போகிறது தன் மானம் மட்டும்தான்.

"நான் போட்டேன்" என்றார். "நான்தான் போட்டேன். குழம்புல. முட்டையில. மல்லித்தூள்னு எழுதி வச்சு. அவருக்குத் தெரியாது. அவரைத் திட்டாதீங்க." அதற்குமேல் அழுகைதான் வந்தது. டாக்டரம்மா எத்தனை கரண்டி, எத்தனை மாதம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். அக்கா கைவிரலைக் குவித்துக் கரண்டியின் அளவைக் காட்டினார்.

கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகும்போது கண்ணாடிக்காரர் கேட்டார்.

"கீரை மட்டும்தானா?"

அக்கா தரையைப் பார்த்தார். "இல்லைங்க."

"எவ்வளவு நாளா?"

"கல்யாணம் ஆன ரெண்டாவது வாரத்துலேர்ந்து."

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கட்டில் நகர்ந்தது. அதன் ஒரு சக்கரம் கீச்சிட்டுக்கொண்டே நீண்ட நடைபாதையில் போனதை அக்கா கடைசிவரை கேட்டார்.

வால்வின் ஓரத்தில் ரத்தம் உறைந்து சின்னதாக ஓர் உறைகட்டி இருந்தது. "இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தீங்கன்னா..." என்று டாக்டரம்மா அத்தோடு நிறுத்தினார். நல்லவேளை நிறுத்தினார். ஊசி வழியாக மருந்து ஏற்றினார்கள். கரைந்தால் சரி, கரையாவிட்டால் மறுபடியும் நெஞ்சைத் திறக்க வேண்டும், கரையும்போது துண்டாக உடைந்து மூளைக்குப் போனால் இன்னும் மோசம். இத்தனை 'ஆனால்'களையும் கேட்டுக்கொண்டு அக்கா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார். மூன்று நாள் உட்கார்ந்தார்.

வீட்டிலிருந்து கொண்டுபோன சாப்பாட்டைக் கண்ணாடிக்காரர் தொடவில்லை. ஆஸ்பத்திரி ரொட்டியைப் பிய்த்துத் தின்றார். "ரொட்டிக்குள்ளயாவது எதையும் ஒளிக்க முடியாது" என்றார். அந்த மூன்று நாளில் அவர் பேசிய முதல் வார்த்தை அது. அக்கா தலையைக் குனிந்துகொண்டார். கேண்டீன் ரொட்டி மாவில் பூசணி உண்டு. அவர் தலையைத் திருப்பி மனைவியை உற்றுப் பார்த்தார். "முடியுமா?" என்றார். அக்கா எழுந்து வெளியே போய்விட்டார்.

அந்தக் கேள்வி அவரைச் சும்மா விடவில்லை. வீட்டில் ஒரு வாய். கேண்டீனில் முந்நூறு வாய். அதில் யார் என்ன மாத்திரை தின்கிறார்களோ? யாருக்கு எது ஆகாதோ? இத்தனை வருடமும் வாளியை மட்டும்தானே எட்டிப் பார்த்தோம் என்று நினைத்ததும் அவருக்கு அந்தப் பெஞ்சில் உட்கார முடியவில்லை.

நான்காம் நாள் வேலைக்குப் போனவர் அடுப்பைப் பற்றவைக்கும் முன் கரும்பலகையைத் துடைத்தார். அன்றைய சாப்பாட்டில் எதற்குள் எது இருக்கிறது என்று ஒன்று விடாமல் எழுதினார். எழுதி முடித்தபோது பலகையில் இடமில்லை. மணி அடித்தது. வந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. "கட்லெட்டுல பீட்ரூட்டா? இத்தனை நாளா காதுல பூ சுத்தினீங்களா அக்கா?" என்றாள் தையல் பிரிவுப் பெண் ஒருத்தி. சிலர் தட்டை வைத்துவிட்டுப் போனார்கள்.

பசை ஒட்டும் பிரிவு ஆள் ஒருவர் மட்டும் பலகையைவிட்டு நகரவில்லை. முழுக்கைச் சட்டை போட்டவர். பருப்பு என்று எழுதிய வரியில் கண்ணை வைத்து நின்றார்.

"கத்தரிக்காய் எப்போலேர்ந்து அக்கா?"

"நான் இங்க சேர்ந்த வருஷத்துலேர்ந்தே."

அவர் சட்டைக் கையை மேலே ஏற்றினார். முழங்கை வரை சிவந்து, தடித்து, சொறிந்து சொறிந்து தோல் உரிந்திருந்தது. "பசைதான் ஆகலைன்னு நினைச்சேன். ரெண்டு தடவை செக்‌ஷன் மாத்தச் சொல்லிக் கெஞ்சினேன். கத்தரிக்காய் எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே ஆகாது. சேர்ந்த முதல் நாளே உங்ககிட்ட சொன்னேனே அக்கா."

சொன்னார்தான். அக்காவுக்கு நன்றாக நினைவிருந்தது. சாக்குச் சொல்கிறான், இவனுக்கு இன்னும் கொஞ்சம் நைசாக மசிக்க வேண்டும் என்று அன்று நினைத்ததும் நினைவிருந்தது. அந்தக் கையைத் தொட்டுப் பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை.

உறைகட்டி கரைந்தது. ஏழாம் நாள் கண்ணாடிக்காரரை வீட்டுக்கு அனுப்பினார்கள். டாக்டரம்மா இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துத்தான் இம்முறை பேசினார். "ஒண்ணு, கீரையைச் சுத்தமா விடணும். இல்லைன்னா தினமும் ஒரே அளவு சாப்பிடணும். எதுன்னு சொல்லுங்க, மாத்திரையை அதுக்குத் தக்கபடி நான் பார்த்துக்குறேன். நாளைக்குப் பரிசோதனைக்கு வரும்போது சொன்னாப் போதும்." கண்ணாடிக்காரர் தலையை ஆட்டினார்.

இருபத்திரண்டு படியும் நிற்காமல் ஏறியவர், நேராகச் சமையலறைக்குப் போனார். முப்பது வருடத்தில் தண்ணீர் குடிக்கத் தவிர அவர் அங்கே நுழைந்ததில்லை. அலமாரியைத் திறந்து டப்பாக்களை ஒவ்வொன்றாக இறக்கி மேடையில் வைத்தார். மூடியைத் திறந்து மோந்து பார்த்தார்.

"இது?"

"மிளகாய்த்தூள்."

"நிஜமா?"

"நிஜமா."

"இது?"

"கோதுமை மாவுங்க."

"வேற ஒண்ணும் கலக்கலையே?"

"இல்லைங்க."

பதினாறு டப்பா. பதினாறுக்கும் அக்கா குற்றவாளிக் கூண்டில் நிற்பதுபோல் நின்று பதில் சொன்னார். கடைசியில் மல்லித்தூள் டப்பா வந்தது. அவர் அதைத் திறக்கவில்லை. சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்து, உருட்டிக் குப்பையில் போட்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து கண்ணாடி வெட்டியை எடுத்தார். அக்காவின் உயிர் ஒரு நொடி போய்த் திரும்பியது.

"கையுறை போடுங்க" என்றார், தன்னை அறியாமல்.

அவர் கையுறையைத் தேடிப் போட்டுக்கொண்டார். அடுக்கிலிருந்த தடித்த கண்ணாடி டம்ளரை எடுத்து, பாதிக்குக் கீழே சக்கரத்தை வைத்து, வெளிப்பக்கமாகச் சுற்றிலும் ஒரு மெல்லிய கோடு இழுத்தார். நேர்கோடு. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வேகவச்ச கீரை, இதுவரைக்கும். தினமும். கூடவும் வேணாம், குறையவும் வேணாம். தனியாப் போடு, என் கண் முன்னால போடு."

"உங்களுக்குத்தான் பிடிக்காதே. விட்டுடலாங்க. நான் சத்தியமா இனிமே..."

"நீ விட மாட்டே. உன்னால முடியாது." கோபமாகச் சொல்லவில்லை, அளவு சொல்வதுபோல் சொன்னார். "கீரையைக் கண்டா எனக்குப் பயமில்லைம்மா. ரெண்டு வாய் முழுங்கிடுவேன். இப்போ உன் கையைக் கண்டாத்தான் பயமா இருக்கு."

அக்கா அதை நின்றபடியே வாங்கிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் கேட்ட எந்த வார்த்தையும் இந்த அளவுக்கு உள்ளே போகவில்லை. அழவும் இல்லை. அழுதால் அவர் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும், அதைக் கேட்கத் தனக்கு இப்போது உரிமை இல்லை என்று அவருக்குத் தோன்றியது.

மறுநாள் பரிசோதனைக்கு அவர்கள் சேர்ந்தே போனார்கள். டம்ளரையும் ஒரு துணிப்பையில் எடுத்துப்போய் டாக்டரம்மாவிடம் கோட்டைக் காட்டினார் கண்ணாடிக்காரர். அன்று மதியம் அக்கா கீரையை வேகவைத்து, தண்ணீரை வடித்து, கோடுவரை போட்டார். ஓர் இலை கோட்டுக்கு மேலே தொங்கியது. அதை எடுத்துவிட்டுத் தட்டில் கவிழ்த்தார். பச்சைப்பசேல் என்று தட்டில் அது ஒளிவுமறைவில்லாமல் உட்கார்ந்திருந்தது. கண்ணாடிக்காரர் முகத்தை எட்டுக் கோணலாக்கிக்கொண்டு தின்றார். ஆட்டு நகைச்சுவையைச் சொல்லவில்லை.

அடுத்த நாள் காலை வெளிச்சம் ஜன்னலுக்கு வந்ததும் அக்கா வழக்கம்போலக் காதைத் தீட்டினார். டிக், டிக் என்று கூர்மையாகத்தான் கேட்டது. பத்து எண்ணி முடித்தும் நம்பிக்கை வராமல் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார். நான்காவது டிக்கில் கண்ணாடிக்காரரின் குரல் வந்தது. அவர் கண்ணைத் திறக்காமலே விழித்திருந்தார்.

"கேக்குதா?"

"கேக்குதுங்க."

"நல்லா?"

"நல்லாக் கேக்குது."

"பொய் இல்லையே?" என்று கேட்டார் அவர்.

"இல்லைங்க" என்றார் அக்கா. அவர் கண்ணைத் திறந்து மனைவியின் முகத்தை நீண்ட நேரம் பார்த்தார். பார்த்துவிட்டு, தன் நெஞ்சில் தானும் கையை வைத்து எண்ண ஆரம்பித்தார்.